ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

மலையாண்டி முன்பணம் கேட்கவில்லை. கலைமதிக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

அவர் கறம்பக்குடியில் ஒலி, ஒளி அமைப்பு வைத்திருப்பவர். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அவர் வண்டி மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதே வண்டியில் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றை ஏற்றிக்கொண்டு இலுப்பூருக்கு வந்தார். ஊருக்கு வெளியே இருந்த, கலைமதியின் நண்பன் வசந்தின் தவிட்டுக் கிடங்கில் இறக்கி வைத்தார். வியாழன்வரை வைத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் பேசிக்கொள்ளலாம் என்றார். பொருளை ஒரு வார்த்தை புகழவில்லை. விற்க வந்தவர் மாதிரியே இல்லை.

பழைய ஆம்ப். அந்தக் கால ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடி வால்வு எரிந்து ஓடுவது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் அடியில் வைக்க நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி ஒன்று தனியாக இருந்தது. மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒருவர் மலேசியா போகும்போது மலையாண்டியிடம் விட்டுப்போனதாம். அவர் ஏன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை என்று கலைமதி கேட்டாள்.

"அவரு திரும்பி வரலைங்க" என்றார் மலையாண்டி.

பின்பக்கத் தகட்டில் நான்கு திருகுகள் இருந்தன. பெட்டி பழையது, திருகுகள் புதியவை. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மலையாண்டியும் பார்த்தார்.

கலைமதி இலுப்பூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஏழு வருடம். பெயர் ஒட்டாத குழாயைக் கையால் தொடமாட்டாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விட்டால் என்னென்ன நடக்கும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டில் உப்பு டப்பாவுக்கும் பெயர் ஒட்டினாள்.

வேலை நேரம் போக அவள் ஹெவி மெட்டல் இசை வாசித்தாள். புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது மூன்று பேராகச் சேர்ந்தார்கள். அவள் கிட்டார், வசந்த் டிரம்ஸ், ஷர்லி பேஸ் கிட்டாரும் பாட்டும். குழுவுக்குக் ‘குவாரி’ என்று பெயர். கல்லூரி முடிந்தும் ஏழு வருடம் விடாமல் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் வாசித்தார்கள். மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும், அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மூன்று பாட்டு தேறியது. டிரம்ஸும் பேஸும் பாட்டும் பதிவாகிவிட்டன. கிட்டார் மட்டும் பாக்கி. வசந்துக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை திருச்சியிலிருந்து விமானம். சேர்த்துக் கோக்கிற வேலையை அங்கே போய் விடுமுறை நாட்களில் லேப்டாப்பில் செய்துகொள்வதாகச் சொன்னான்.

அங்கே போய் என்றதுதான் அவளுக்கு உறுத்தியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டை வசந்த் சென்னையில் ஒரு நண்பனுக்கு அனுப்பினான். அவள் கிட்டாரை லேப்டாப்புக்குள் நேராக வாசித்து எடுத்தது. ஆம்ப் சத்தத்தை மென்பொருள் போட்டுக்கொள்ளும், பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். திரும்பி வந்த பாட்டில் சத்தத்தை மாற்றியிருந்தார்கள். அடியை நேராக்கியிருந்தார்கள். அவள் வேண்டுமென்றே இழுத்து அடித்த இடங்களெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை மாதிரி இருந்தன. நன்றாக வந்திருக்கிறது என்று வசந்த் சொன்னான். அது யார் வாசித்தது என்று அவள் கேட்டாள். அவன் சிரித்தான்.

இந்தத் தடவை உண்மையான ஆம்ப் வேண்டும் என்று முடிவு செய்தாள். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து எடுத்தால் எடுத்தது எடுத்ததுதான். அவன் விமானம் ஏறிய பிறகு யாரும் அதைத் திறந்து வேறு சத்தம் வைக்க முடியாது.

இருந்தாலும் தேர்வை முறையாகச் செய்தாள். மலையாண்டியின் ஆம்ப் ஒன்று, வசந்தின் லேப்டாப் ஒன்று, அவளிடமே இருந்த பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்று. அவள் மூட்டைகளைப் பார்த்து உட்கார்ந்து ஒரே பகுதியை வாசித்தாள். முதுகுக்குப் பின்னால் வசந்த் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினான். எதில் செருகினான் என்று சொல்லக் கூடாது. அவள் தாளில் மதிப்பெண் போட்டாள். கலைத்துக் கலைத்து ஒன்பது தடவை.

மலையாண்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, மாட்டுக்கு ஊசி போடும்போது இப்படி ஒரு சத்தம் வரும் என்றார்.

சின்ன ஆம்பில் தகர டப்பாவுக்குள் வண்டு கத்தியது. லேப்டாப்பில் வந்தது சுத்தமாக இருந்தது. யார் வாசித்தாலும் அப்படித்தான் வரும் போலிருந்தது. மூன்றாவது வேறு. இரைச்சல் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்திருந்தும் அடி நெஞ்சில் விழுந்தது. கையை எடுத்த இடத்தில் வெட்டியதுபோல் நின்றது. பதிவில் ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் வைக்க வேண்டும். இரண்டும் ஒட்டி விழ வேண்டுமென்றால் இப்படி நிற்கிற சத்தம்தான் வேண்டும். மூன்று தடவையும் அதற்கே அதிக மதிப்பெண் போட்டிருந்தாள்.

வசந்த் தாளைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மைக் வச்சு எடுத்தா பின்னாடி மாத்த முடியாது மதி."

"அதுக்குத்தான் வேணுங்கிறேன்."

அவன் கேபிளைச் சுருட்டினான். மெதுவாகச் சுருட்டினான்.

மலையாண்டி கிளம்பிய பிறகு கலைமதி ஆம்பின் குமிழ்கள் இருந்த நிலையைப் போனில் படம் எடுத்தாள். பிறகு கைப்பையிலிருந்து பரிசோதனைக் குழாயில் ஒட்டும் எண் போட்ட ஸ்டிக்கர்களை எடுத்தாள். பின்பக்கத் திருகுகள் ஒவ்வொன்றின் மேலும் ஒன்று ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஆம்புக்குச் சர்க்கரையான்னு பாக்கப் போறியா?" என்றான் வசந்த்.

"யாரும் தொறந்தா தெரியணும்."

"இங்க யாரு தொறக்கப் போறா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கல்லாப் பக்கம் போய்விட்டான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அவள் கிடங்குக்கு வரும்போது மணி ஐந்து. வசந்த் முன்பக்கத்தில் ஒருவருக்குத் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய் ஆம்பைப் போட்டாள், வால்வு சூடேறும்வரை காத்திருந்தாள், வாசித்தாள்.

அது நேற்றைய ஆம்ப் இல்லை.

சத்தம் இருந்தது, எலும்பு இல்லை. அடித்தால் குழைந்தது. கையை எடுத்த பிறகும் ஈரத்துணி மாதிரி கொஞ்சம் இழுபட்டது. போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் குமிழ்களைச் சரிபார்த்தாள். எதுவும் நகரவில்லை. கிட்டார் கம்பிகள் நேற்றையவை. கேபிள் நேற்றையது.

பரிசோதனை நிலையத்தில் ஒரு முடிவு கோணலாக வந்தால், முடிவு தெரிந்த ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது சரியாக வந்தால் கருவியில் பிழை இல்லை, அந்த ரத்தத்தில்தான் விஷயம். அவள் சின்ன ஆம்பில் வாசித்தாள். நேற்றைய வண்டு அப்படியே இருந்தது. லேப்டாப்பில் வாசித்தாள். அதுவும் மாறவில்லை. ஆக அவள் கையும் கிட்டாரும் சரி. மலையாண்டியின் ஆம்ப்தான் மாறியிருக்கிறது.

பின்னால் போய்க் குனிந்தாள். நான்கு திருகிலும் ஸ்டிக்கர் இருந்தது. ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு.

விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு முன்பக்கம் போனாள்.

"இன்னைக்கு யாரு வந்தா?"

"யாவாரத்துக்கு வர்றவங்க வந்தாங்க."

"உள்ள யாரு வந்தா?"

"யாரும் வரல" என்றான் வசந்த். தராசைப் பார்த்துச் சொன்னான்.

அவள் அவன் எதிரிலேயே மலையாண்டிக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தார். பின்னால் யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஆம்பைத் தொறந்தீங்களா?"

மைக்கில் எண்ணியவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

"ஆமாங்க" என்றார்.

"வால்வை மாத்துனீங்களா?"

"எதுக்குங்க மாத்தணும்?"

"நேத்து இருந்த சத்தம் இன்னைக்கு இல்லண்ணே. தொறந்து மூடி, ஸ்டிக்கரைத் திருப்பி ஒட்டி வச்சிருக்கு. நேத்து நல்ல வால்வைப் போட்டுக் காமிச்சுட்டு…"

"சொல்லி முடிங்க."

முடித்தாள். முன்பணம் வாங்காமல் விட்டது ஏன் என்று இப்போது புரிகிறது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கிறேங்க" என்றார் மலையாண்டி. கோபப்படவில்லை. தப்பு செய்யாதவர் கோபப்படுவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு வசந்தைப் பார்த்தாள். அவன் மூட்டையின் வாயைக் கட்டி முடித்தான். பிறகு சொன்னான். மலையாண்டி மத்தியானம் வந்தார். ஆம்பின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. போன ஆடியில் ஒரு திருவிழாவில் அது போய்விட, நிகழ்ச்சி நடக்கட்டும் என்று அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டியிருக்கிறார். மைக் செட்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பிறகு மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கப் போகும்போது ஞாபகம் வந்திருக்கிறது. ஏதாவது ஆனால் ஃபியூஸ் போகாது, ஆம்ப் எரியும். சுற்றிலும் தவிடு. கறம்பக்குடியிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து கம்பியை எடுத்துவிட்டு ஃபியூஸ் போட்டுவிட்டுப் போனார்.

"யாரும் வரலன்ன."

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. ஆம்பை வாங்க வந்தவங்ககிட்ட உள்ள கம்பி சுத்தி வச்சிருந்தேன்னு சொன்னா தொழில் பேரு என்னத்துக்கு ஆகும்? நீ வேற ஸ்டிக்கர் ஒட்டுறவ."

அவள் நம்பவில்லை. கம்பியை எடுத்து ஃபியூஸ் போட்டால் சத்தம் எதற்குக் குழையும்? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்வதாகத்தான் தோன்றியது. ஆம்ப் கைவிட்டுப் போனால் மிச்சம் இருப்பது லேப்டாப். லேப்டாப் யாருக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே போனாள். நாளைக்கு மலையாண்டி முகத்துக்கு நேரே காட்ட அத்தாட்சி வேண்டும். போனை மூட்டைமேல் சாய்த்துப் பதிவைத் தொடங்கினாள். இன்றைய தேதியைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள், குமிழ்களைக் காட்டினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வாசித்த பகுதியையே வாசித்தாள். குழைந்தது. மறுபடி வாசித்தாள். குழைந்தது. மூன்றாவது தடவை பாதி போய்க்கொண்டிருக்கும்போது அவள் கைக்குக் கீழேயே சத்தம் இறுகியது.

நிறுத்தவில்லை. தொடர்ந்து அடித்தாள். ஒவ்வொரு அடியும் நேற்றைப்போல விழுந்தது, நின்றது. கிடங்கில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆம்பை யாரும் தொடவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி வேகமெடுத்து, மூட்டைகளில் ஒட்டியிருந்த தவிட்டுத் தூள் பறக்கத் தொடங்கியது.

அண்ணாந்து பார்த்தாள்.

வசந்த் வாசலில் வந்து நின்றான். அவனும் விசிறியைத்தான் பார்த்தான்.

"கிரஷர் நின்னுருச்சு" என்றான்.

மணி ஆறு. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல் உடைக்கிற ஆலை அது. அது ஓடும் நேரமெல்லாம் இந்த லைனின் கடைசியில் மின்சாரம் இறங்கிவிடும். மிக்ஸி முனகும், விசிறி மெல்ல அசையும். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தே இருந்ததால் அவளுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. வால்வுக்கு மின்சாரம் குறைந்தால் குழையும். பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்புக்கு எந்தக் கவலையும் இல்லை, லேப்டாப்புக்கும் இல்லை. அவள் வைத்த பரிசோதனையே அவளை ஏமாற்றியது. ஸ்டிக்கர் மாறியது ஒன்று, சத்தம் மாறியது ஒன்று. இரண்டையும் ஒரு ஆள் கழுத்தில் மாட்டிவிட்டாள். நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இப்படிச் செய்திருந்தால் நிற்க வைத்துக் கேட்டிருப்பாள்.

மலையாண்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். குரல் செய்தி அனுப்பினாள். கேட்டுவிட்டதாக அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு எட்டு மணிக்கே கிடங்குக்கு வந்து உட்கார்ந்தாள். மலையாண்டி பத்துக்கு வந்தார். வண்டியைப் பின்பக்கமாக வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே வந்து ஆம்பின் பின்னால் குனிந்து ஸ்டிக்கர்களைப் பார்த்தார்.

"எண்ணு மாறிப்போச்சா?" என்றார். "கண்ணாடி கொண்டு வரலைங்க நேத்து."

அவள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். கிரஷர் விஷயத்தைச் சொன்னாள், போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினாள். அத்தாட்சிக்கு எடுத்தது அது. அவர் முழுக்கக் கேட்டார். சத்தம் இறுகும் இடத்தில் தலையை லேசாக ஆட்டினார்.

ஆறு மணிக்கு மேல்தான் பதிவு செய்யப்போகிறோம், ஆம்பை வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் சொல்கிற விலைக்கே என்றாள்.

"விக்கலைங்க."

"ஏண்ணே?"

"நாளைக்கு எது மாறினாலும் எனக்குத்தான போன் வரும்?"

வசந்த் ஏதோ சொல்ல வந்தான். மலையாண்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கு ஒரு பொழுது வாசிச்சுக்கங்க. வாடகைக்கு. ஆறு மணிக்குக் கொண்டாறேன். முடியுறவரைக்கும் நான் பக்கத்துல இருப்பேன். முடிஞ்சதும் ஏத்திருவேன். இப்ப விராலிமலையில ஒரு மண்டபத்துல வேலை கெடக்கு."

அதுவரை ஆம்ப் இங்கேயே இருக்கட்டுமே என்றான் வசந்த்.

"வேணாந் தம்பி" என்றார். "ரத்தம் எடுக்கிறவங்களைக் கண்டா எனக்குப் பயம்."

ஆம்பையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பகல் முழுக்க அவள் வரும் வண்டிச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வரமாட்டார் என்று மூன்று மணிக்கு முடிவு செய்தாள். அவர் இடத்தில் அவளாக இருந்தால் வந்திருக்கமாட்டாள். வசந்த் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போனபோது திரையை மாற்றினானா, அல்லது அப்படித் தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஆறு மணிக்கு விசிறி வேகமெடுத்தது. ஆறே கால் ஆனது. ஆறரைக்கு வண்டி வந்தது.

மலையாண்டி ஆம்பைத் தானே இணைத்தார். இணைப்பதற்கு முன்னால் பிளக் பாயிண்டில் மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு தவிட்டு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

வசந்த் ஸ்பீக்கர் துணியை ஒட்டி மைக்கை நிறுத்தினான். இரண்டு விரல் இடப்பக்கம் நகர்த்தினான், ஹெட்போனில் கேட்டான், ஒரு விரல் திரும்ப நகர்த்தினான். நன்றாகத்தான் செய்தான். அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு கேபிளைக் கண்ணால் தொடர்ந்தாள். பழக்கம்.

கேபிள் ஆம்புக்கு நேராகப் போகவில்லை. மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் வெளியே வந்தன. ஒன்று ஆம்புக்கு, இன்னொன்று லேப்டாப்புக்கு.

"இது என்ன வசந்து?"

"அதுவா? ஆம்புக்குப் போறதுக்கு முந்தி கிட்டாரை மட்டும் தனியா ஒண்ணு எடுத்து வச்சுக்கிறது. சும்மா, பாதுகாப்புக்கு. எல்லாரும் எடுப்பாங்க."

உண்மைதான். எல்லோரும் எடுப்பார்கள். மைக்கில் ஏதாவது கெட்டால் அது கைகொடுக்கும். அதை ஷார்ஜாவில் உட்கார்ந்து எந்த ஆம்ப் சத்தத்துக்குள் வேண்டுமானாலும் விடலாம் என்பதும் உண்மை. அடியை நேராக்கலாம். இந்த ஆம்ப், இந்தக் கிடங்கு, மூன்று நாள் அலைந்தது எதுவும் இல்லாத ஒரு பாட்டை அங்கிருந்து அனுப்பலாம். நன்றாக வந்திருக்கிறது என்று எழுதலாம்.

அவன் அதைச் செய்வான் என்பதற்கு அவளிடம் அத்தாட்சி இல்லை. நேற்று அத்தாட்சி இருந்தது.

மலையாண்டி ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

கலைமதி குனிந்து லேப்டாப்புக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினாள். வட்டமாகச் சுருட்டி வசந்திடம் நீட்டினாள்.

"என்னைய நம்பலையா?" என்றான்.

"நம்புறேன். கேபிள் வேணாம்."

"மைக்ல ஏதாச்சும் ஆச்சுன்னா கையில ஒண்ணும் இருக்காது. நான் வெள்ளிக்கெழமை போறேன்."

"அப்ப இன்னைக்கே நல்லா எடு."

அவன் கேபிளை வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. கடைசியில் மலையாண்டி எட்டி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிங்க" என்றார். பஞ்சைத் திரும்பக் காதில் செருகினார்.

வசந்த் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினான். அவள் அவனுடைய இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே முதல் அடியை அடித்தாள்.